சுழியின் மேல் பழி



நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சொல் ஒன்று உண்டு. பிள்ளை சொன்ன பேச்சைக் கேளாவிட்டால், "இவனுக்குச் சுழி சரியில்லை" என்கிறோம். ஓரிடத்தில் நில்லாத சிறுவனைச் "சரியான சுழி" என்று சில வேளை செல்லமாகவும் பல வேளை சலிப்போடும் அழைக்கிறோம். சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லோ அப்பிள்ளையின் மேல் ஒட்டிக்கொண்டு விடுகிறது.

கால்நடைச் சந்தைகளில் இந்தச் சுழிக்கு விலையே உண்டு. குதிரையின் உடலில் மயிர் சுழன்று வளரும் இடங்களைப் பார்த்து அதன் குணத்தையும், அதனை வாங்குபவரின் அதிர்ஷ்டத்தையும் கணிக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இன்ன இடத்தில் சுழி இருந்தால் செல்வம் சேரும். இன்ன இடத்தில் இருந்தால் குடி கெடும் என்பார்கள். கண்ணுக்கு நேர் கீழே சுழி இருந்தால், அக்குதிரை கட்டப்படும் வீட்டில் அழுகுரல் கேட்கும் என்பார்கள். அத்தகைய குதிரை எத்துணை வலிமையுடையதாயினும் பாதி விலைக்குக்கூடப் போகாது.

அப்படியொரு குதிரை எங்கள் வீட்டில் இருந்தது. அதனைப் பழக்கியவர் என் அத்தா. அதன் முதுகில் முதன்முதலாக ஏறி அமர்ந்தவன் நான். அந்தக் குதிரையிடம் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, பிள்ளைகளை வளர்க்கும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

குதிரையும் குலப்பெயரும்

நாங்கள் இராவுத்தர்கள். 'இராவுத்தர்' என்னும் சொல்லுக்கே குதிரை வீரர் என்பதுதான் பொருள். மயில் மீது வரும் முருகனை அருணகிரிநாதர் இச்சொல்லால் அழைத்திருப்பதைத் தமிழறிந்தோர் அறிவர். பெயர் பெரிதாயினும் எங்கள் தொழில் எளியது. பழனி ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரத்திற்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜட்கா வண்டி ஓட்டுவதே பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் பிழைப்பு. முடி இறக்க வரும் குழந்தைகளும் காவடி எடுக்க வரும் பெரியவர்களும் எங்கள் வண்டியில்தான் அடிவாரம் சேர்ந்தனர். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் எங்கள் அடுப்பையும் எரிய வைத்தன.

1978-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எங்கள் குதிரை வயிற்று வலி கண்டு ஒரே இரவில் மாண்டது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. அதன் உடலமைப்பு அப்படி. ஆகவே மனிதனுக்கு அரை நாளில் தீர்ந்துவிடும் வயிற்றுக் கோளாறு, குதிரைக்கு உயிர்ப் பிரச்சினையாகிவிடும். குதிரை இல்லாத வண்டி வாசலில் நின்றது. அம்மா தம் இரு கைகளிலும் இருந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அவற்றை அடகு வைத்த பணத்தோடு அத்தா அந்தியூருக்குப் புறப்பட்டார். பதினைந்து வயதுப் பையனாக நானும் உடன் சென்றேன்.

சந்தையில் மிஞ்சியது

இன்றைய ஈரோடு மாவட்டத்திலுள்ள அந்தியூரில், குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி ஆடி மாதத்தில் கூடும் கால்நடைச் சந்தை தமிழகமெங்கும் பெயர் பெற்றது. திப்பு சுல்தான் காலத்திலேயே அங்குக் குதிரைகள் விலை பேசப்பட்டன என்று அவ்வூரார் சொல்வதுண்டு. துண்டைப் போர்த்திய கைகளுக்குள் விரல்களைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் விலை தெரியாது.

நல்ல குதிரைகளின் விலை எங்களிடமிருந்த பணத்திற்கு எட்டவில்லை. மூன்றாம் நாள் மாலை, வேலியோரம் தனியாகக் கட்டப்பட்டிருந்த ஒரு செந்நிறப் பெண்குதிரையின் முன் அத்தா நின்றார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி; இடக் கண்ணுக்குக் கீழே அந்தச் சுழி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தனர். அத்தா முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தார். முழங்காலைத் தடவினார். நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்தார். முன்பற்களைப் பார்த்து ஆறு வயது என்று கணித்தார்.

"நாலு காலும் உண்மையைச் சொல்லுது. சுழி என்ன சொன்னா நமக்கென்ன?" என்றார்.

அதுதான் எங்கள் மைனா வீடு வந்த கதை. அந்தியூரிலிருந்து பழனி வரை ஐந்து நாட்கள் நடந்தே வந்தோம். அந்த ஐந்து நாட்களில் மைனாவின் கோணங்கித்தனங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே தலையை உதறிப் பின்வாங்கும். இடப்புறமாக எது வந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வலப்புறமாக ஒரு மிதிவண்டி கடந்தாலும் துள்ளும். சாலையில் நீர் தேங்கி இருந்தாலோ மர நிழல் கறுப்பாக விழுந்திருந்தாலோ, பள்ளத்தைக் கண்டதுபோல் நின்றுவிடும். மேளச் சத்தம் கேட்டால் நடுங்கும். இவை போதாவென்று, வழியில் எந்தத் தேநீர்க் கடையைக் கண்டாலும் தானாகவே ஓரங்கட்டி நின்றுகொள்ளும். பழைய உடைமையாளர் பெரிய தேநீர்ப் பிரியராக இருந்திருக்க வேண்டும்! ஐந்து நாளும் மைனாவின் தயவால் நாங்கள் குடித்த தேநீருக்குக் கணக்கில்லை.

வண்டிப் பேட்டையில் நண்பர்கள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினர். "திருவிழாக் கூட்டத்துல இது மிரண்டா பத்துப் பேருக்குக் கால் போயிரும், பாய். செங்கல் சூளைக்குத் தள்ளிவிட்டுட்டுப் போட்ட காசை எடுத்துக்குங்க" என்றனர். அது வெற்று மிரட்டலன்று. வண்டிக்கு ஆகாத குதிரைகள் சூளைகளில் கல் சுமந்தே மாண்டு போயின. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. தைப்பூசத்திற்கோ ஆறு மாதங்களே இருந்தன.

வாயைத் திறந்து பார்த்தவர்

முதல் பதினைந்து நாட்கள் அத்தா அந்தக் குதிரைக்கு எதுவும் கற்பிக்கவில்லை. காலையும் மாலையும் தாமே கொள்ளும் புல்லும் வைப்பார். கொட்டிலின் ஓரத்தில் சாக்கை விரித்து அமர்ந்திருப்பார். என்னையும் பாடப் புத்தகத்தோடு அங்கே உட்கார வைப்பார். "உரக்கப் படி. உன் குரல் அதுக்குப் பழகட்டும்" என்பார். வரலாறும் பூகோளமும் அந்த ஆண்டு எனக்கு மனப்பாடமானதற்கு மைனாவே காரணம்.

பிறகு, லாடம் அடிக்கும் முதியவரை அழைத்து வந்தார். அவர் லாடத்தைத் தொடுமுன், குதிரையின் தலை உதறலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பற்களை விரலால் மெல்லத் தடவினார். விரலை வெளியே எடுத்தபோது அதில் இரத்தக் கோடு இருந்தது.

"ராவுத்தரே, இதுக்குத் திமிரும் இல்லை, சுழியும் இல்லை. பல்லு வாயைக் கிழிக்குது" என்றார்.

வாசகர்களே, குதிரையின் பற்கள் தேயத் தேய ஈறிலிருந்து மேலெழுந்துகொண்டே இருப்பவை. மேல்தாடை அகலமானது, கீழ்த்தாடை குறுகலானது. ஆகவே கடைவாய்ப் பற்களின் ஓரங்கள் சமமாகத் தேயாமல் கத்தி முனைபோல் கூர்மையாகிவிடுவதுண்டு. கடிவாளத்தை இழுக்கும்போதெல்லாம் கன்னத்தின் உட்புறம் அக்கூர்முனையில் அழுந்திக் கிழியும். வயது பார்ப்பவர்கள் முன்பற்களோடு நின்றுவிடுவதால், உள்ளே இருக்கும் இந்தத் துன்பம் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. குதிரைக்கோ வாய் திறந்து சொல்லத் தெரியாது. தலையை உதறத்தான் தெரியும். உதறினால் சாட்டை விழும். சாட்டை விழுந்தால் கடிவாளம் இன்னும் இறுகும். இறுகினால் இன்னும் கிழியும். எத்தனை உடைமையாளர்களிடம் மைனா இப்படி அடிபட்டிருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

முதியவர் அரத்தால் அந்த முனைகளை இராவிவிட்டார். இரண்டு வாரங்களில் வாய்ப்புண் ஆறியது. அதன் பிறகு கடிவாள இரும்பில் வெல்லத்தைத் தடவி அத்தா நீட்டினார். மைனா முகர்ந்தது, நக்கியது, தானே வாயைத் திறந்தது.

கடல் கடந்து வந்த குதிரைகள்

குதிரை கெடுவது பிறவியிலன்று, பராமரிப்பில்தான் என்பதற்கு நம் கடற்கரை வரலாறே சான்று பகரும். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்திற்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்பும் உடன்பாடு இருந்ததையும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலையென்று முடிவு செய்யப்பட்டிருந்ததையும், வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் விலை தரப்பட்டதையும் வஸ்ஸாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

அத்துணைப் பொன் கொட்டி வாங்கப்பட்ட அக்குதிரைகளின் கதி என்னவாயிற்று? அவற்றைக் கயிற்றாலும் முளையாலும் நாற்பது நாட்கள் கொட்டிலில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பயிற்சி ஏதும் தராமலேயே வீரர்கள் ஏறி விரட்டினர் என்றும், காற்றாய்ப் பறந்த குதிரைகள் சில காலத்திலேயே சோர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாதவை ஆயின என்றும் அதே வஸ்ஸாப் வருந்துகிறார். அந்நாளில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோவும், இங்குக் குதிரைகளைப் பேணத் தெரிந்தோர் இல்லாமையாலேயே அவை மாண்டன என்று குறித்துள்ளார். கீஷில் ஏறியபோது அவை உயர்சாதிக் குதிரைகள்தாம். ஊர் மாறியபோது அவற்றின் சுழியா மாறிவிட்டது?

பழக்கும் கலையின் மேன்மைக்கு நம் மார்க்க வரலாற்றிலும் ஒளி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை சில மைல் தொலைவையும், பழக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலான குறுகிய தொலைவையும் வகுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எல்லாக் குதிரைக்கும் ஒரே கோட்டை எல்லையாக வைக்காத அந்த நீதியை நாம் சிந்திக்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி. ஓரிரவு மதீனாவில் பீதி ஏற்பட்டபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களுடைய 'மன்தூப்' என்னும் குதிரையில் நபியவர்கள் சேணமின்றி ஏறிச் சென்று பார்த்துத் திரும்பினார்கள். மந்தமானது என்று எல்லாரும் எண்ணியிருந்த குதிரை அது. திரும்பி வந்த நபியவர்கள் அதன் ஓட்டத்தைக் கடலோடு ஒப்பிட்டுப் பாராட்டினார்கள். அதற்குப் பின் அக்குதிரையை எதுவும் முந்தவில்லை என்று அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. முரட்டு ஒட்டகத்தை ஆயிஷா (ரலி) அவர்கள் அலைக்கழித்தபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபியவர்கள் அறிவுறுத்திய செய்தியும் நாம் அறிந்ததே.

தளரும் கையே ஆசான்

இனி, அத்தா மைனாவைப் பழக்கிய முறைக்கு வருகிறேன். அவர் எந்த நூலையும் படித்தவரல்லர். ஆயினும் அவர் செய்தவற்றுக்கான காரணங்களை இன்றைய அறிவியல் விளக்குகிறது.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உள்ளன. ஆகவே ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் அதற்குப் பார்வை இல்லை. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குச் செல்லும்போது அதன் கண் தெளிவதற்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆகவே வெயில் சாலையில் விழுந்த கரிய நிழல் அதற்குப் பள்ளமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அலெக்சாந்தரின் புகழ்பெற்ற குதிரையான பூசிபாலஸ், எவர்க்கும் அடங்காமல் துள்ளியது தன் நிழலைக் கண்டுதான். அதனைச் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தியே அச்சிறுவன் அடக்கினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். மேலும், ஒரு பக்கத்தில் கண்டு பழகிய பொருளே மறுபக்கத்தில் தோன்றும்போது குதிரை புதிதாக மிரள்வதுண்டு. சேணம் கட்டுவது, கயிற்றைப் பிடிப்பது, ஏறுவது எல்லாம் இடப்புறத்திலிருந்தே நடப்பதால், வலப்புற உலகம் பல குதிரைகளுக்கு அந்நியமாகவே இருந்துவிடுகிறது.

ஆகவே அத்தா எல்லாவற்றையும் இரு புறத்திலும் கற்பித்தார். இடப்புறம் தேய்த்துவிட்டால் வலப்புறமும் தேய்த்துவிடுவார். என் மிதிவண்டியை முதலில் தொலைவிலும், நாள் செல்லச் செல்ல அருகிலும், வலப்புறமாக உருட்டிச் செல்லச் சொல்வார். முற்றத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதற்கு அப்பால் கொள்ளுத் தொட்டியை வைப்பார். மைனா தானே பார்த்து, தானே முகர்ந்து, தானே தாண்டும் வரை காத்திருப்பார். மேளத்திற்காக ஒரு தகரடப்பா. முதலில் தெருக்கோடியில் தட்டப்பட்ட அது, இரண்டு மாதங்களில் கொட்டில் வாசலுக்கு வந்துவிட்டது. தட்டும் ஓசை எப்போதும் தீனி வேளையில்தான் எழும். ஆகவே, ஓசை கேட்டால் கொள்ளு வரும் என்று மைனா கற்றுக்கொண்டது.

அனைத்திலும் முதன்மையான பாடம் கயிற்றில் இருந்தது. கயிற்றை இழுப்பதனால் குதிரை கற்பதில்லை. இழுத்த கை தளர்கிறதே, அந்த நொடியில்தான் கற்கிறது. முன்னே வா என்று மெல்ல இழுக்கிறோம். அது ஒரே ஒரு அடி எடுத்து வைக்கிறது. உடனே கை தளர வேண்டும். 'நான் செய்தது சரி' என்று அது அறிந்துகொள்ளும். அடி எடுத்து வைத்த பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தால், 'என்ன செய்தாலும் இந்த மனிதனுக்கு நிறைவு இல்லை' என்று முரண்டு பிடிக்கும். மாறாக, அது முன்கால்களைத் தூக்கி மிரட்டும்போது அஞ்சிக் கையைத் தளர்த்தினால், 'மிரட்டினால் விடுதலை கிடைக்கும்' என்பதையே கற்றுக்கொள்ளும். அதற்குத் தீக்குணத்தைக் கற்பித்தவர் நாமே ஆவோம்.

அடம் பிடித்து அழும்போது மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒழுங்காக நடந்துகொள்ளும்போது கண்டுகொள்ளாமல் இருக்கும் பெற்றோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதுகின் மேல்

கார்த்திகை மாதத்தில் சவாரிப் பயிற்சி தொடங்கியது. வண்டிக் குதிரைக்குச் சவாரி எதற்கு என்று கேட்டவர்களிடம், "முதுகுல ஆள் இருக்கும்போது அமைதியா நடந்தா, பின்னால வண்டி இருந்தாலும் நடக்கும்" என்றார் அத்தா. எங்களிடம் சேணம் இல்லை, அங்கவடியும் இல்லை. சாக்கை நான்காக மடித்துப் பட்டை வாரால் இறுக்கிக் கட்டியதே என் ஆசனம்.

மூன்று நாட்கள் அதன் முதுகில் குறுக்கே வயிற்றை வைத்துப் படுத்து இறங்கினேன். நான்காம் நாள் காலை மறுபக்கம் போட்டு அமர்ந்தேன். மைனாவின் காதுகள் இரண்டும் பின்னே திரும்பி என்னைக் கேட்டன. அத்தா கயிற்றைப் பிடித்து முன்னே நடந்தார். ஒரு வாரத்தில் கயிறு என் கைக்கு வந்தது.

சண்முக நதிக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு பாலம். அதன் மேல் புளியமரத்தின் கறுத்த நிழல். மைனா அங்கே வந்ததும் நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிட்டது. அதன் நெஞ்சு படபடப்பது என் கால்களில் தெரிந்தது. பக்கத்தில் நடந்து வந்த அத்தா சொன்னார்: "பார்க்க விடு. தலையைத் தாழ்த்தட்டும். நீ மூச்சை அடக்காதே, மெல்ல விடு."

நான் மூச்சை விட்டேன். கயிற்றையும் நீளமாக விட்டேன். மைனா தலையைத் தாழ்த்தி நிழலை முகர்ந்தது. மூக்கால் உரக்கச் சீறியது. ஒரு கால் வைத்தது. பிறகு மறுகால். நிழலைக் கடந்ததும் தானே நின்று, காலி வாயை மென்றது. அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தபோது, பயந்தது அது மட்டுமன்று என்பது எனக்கு விளங்கியது.

குதிரை மனிதனின் உடலைப் படிக்க வல்லது. ஜெர்மனியில் 'ஹான்ஸ்' என்றொரு குதிரை கணக்குப் போடுகிறது என்று 1904-இல் பெரும் பரபரப்பு எழுந்தது. கேள்வி கேட்பவரின் தலையில், அவரும் அறியாமல் தோன்றும் மிகச் சிறிய அசைவைப் பார்த்தே அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்பதை, ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் நிறுவி 1907-இல் வெளியிட்டார். 2009-இல் சுவீடன் நாட்டார் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. குதிரை மீது இருப்போரிடமும் குதிரையைப் பிடித்து நடப்போரிடமும், 'இம்முறை குதிரைக்கு அருகில் குடை விரிக்கப்படும்' என்று சொல்லப்பட்டது. உண்மையில் குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் அம்மனிதரின் இதயத் துடிப்பு உயர்ந்தது. ஒன்றும் அறியாத குதிரையின் துடிப்பும் கூடவே உயர்ந்தது. தாயின் பதற்றம் சொல்லாமலே பிள்ளைக்குப் போய்ச் சேர்வதை நாம் அறியோமா?

மார்கழி இறுதிக்குள் மைனா நதிக்கரை மணலில் என்னைச் சுமந்து காற்றாய் ஓடியது. அதன் பிடரி மயிர் என் முகத்தில் அடிக்க, கீழே குளம்புகளின் தாளம் மட்டும் கேட்ட அந்த அதிகாலைகளை எண்ணினால், அறுபது வயதைக் கடந்த இன்றும் உடல் சிலிர்க்கிறது. திருமறையின் நூறாவது அத்தியாயமான 'அல் ஆதியாத்', விரைந்தோடும் குதிரைகளின் மீது ஆணையிட்டே தொடங்குகிறது. மூச்சிரைக்க ஓடும் குதிரையின் மேல் அமர்ந்தவனுக்கு அந்த ஆணையின் கம்பீரம் சிறிதேனும் விளங்கும்.

தைப்பூசத் தேர்வு

1979-ஆம் ஆண்டுத் தைப்பூசம் வந்தது. மைனாவை வண்டியில் பூட்டி, ஒரு மூதாட்டியையும் அவருடைய இரண்டு பேரக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அத்தா புறப்பட்டார். நான் முன்பலகையில் அமர்ந்திருந்தேன். அடிவாரத்தை நெருங்கும்போது, வலப்புறச் சந்திலிருந்து திடீரென ஒரு காவடிக் கூட்டம் வெளிப்பட்டது. உறுமியும் மேளமும் முழங்கின. மயிற்பீலிகள் காற்றில் ஆடின.

மைனா நின்றது. அதன் உடல் முழுவதும் நடுங்கியது. வண்டி ஒரு சாண் பின்னே உருண்டது. பின்னால் வந்த ஒருவர் அதனை விரட்டக் கழியை ஓங்கினார். "அடிக்காதீங்க! அது பார்த்துக்கிட்டு இருக்கு" என்றார் அத்தா. குரலை உயர்த்தவில்லை. கடிவாளத்தை இழுக்கவும் இல்லை. கையைத் தளர்த்திக் கொடுத்தார். நாள்தோறும் தீனி வேளையில் அழைப்பது போலவே, "மைனா… மைனா…" என்றார்.

அதன் ஒரு காது மேளத்தின் பக்கமும், மறு காது அத்தாவின் பக்கமுமாக நின்றன. சில நொடிகள்தாம். பிறகு தலை தாழ்ந்தது. வாய் மென்றது. காவடிகள் கடந்து செல்லும் வரை நின்றுவிட்டு, மைனா தானாக நடக்கத் தொடங்கியது.

இறங்கும்போது அந்த மூதாட்டி, "உன் குதிரைக்கு நல்ல நிதானம், பாய்" என்று சொல்லிக் கூலிக்கு மேல் ஒரு காசையும் வைத்தார். அவ்வாண்டு ரமலானுக்கு முன்பே அம்மாவின் வளையல்கள் வீடு திரும்பின.

வீட்டிற்குள் இருந்த மற்றொரு சுழி

இதுவரை சொன்னது குதிரைக் கதை. இனிச் சொல்லப் போவதற்காகவே இத்தனையும் எழுதினேன்.

எனக்கு ஒன்பது வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'மக்கு' என்று பெயர். தெருவில் 'சுழி' என்று பெயர். கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொன்னால் எழுதமாட்டான். அடித்தால் ஓடிவிடுவான். அடிக்கு அஞ்சிப் பள்ளிக்குப் போகாமல் குளக்கரையில் ஒளிந்துகொள்வான்.

லாடக்காரர் மைனாவின் வாயைத் திறந்து பார்த்துச் சென்ற மறுவாரம், இரவு உணவின்போது அத்தா தம்பியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரிலிருந்த நாட்காட்டியைக் காட்டி, "அதுல இன்னைக்கு என்ன தேதி போட்டிருக்கு?" என்று கேட்டார். தம்பி எழுந்து, நடந்து சென்று, சுவரில் மூக்கு உரசும்படி நின்று படித்தான். அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

மறுநாள் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். தடித்த கண்ணாடி வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்த தம்பி, வாசலிலிருந்த வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து, "இலையெல்லாம் தனித்தனியா இருக்கு!" என்றான். அவன் பின்னாளில் பட்டம் பெற்று அரசுப் பணியில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டான். அவனுடைய சுழி அதே உச்சந்தலையில்தான் இருக்கிறது, முடிதான் இல்லை.

மைனாவின் கதையையும் முடித்துவிடுகிறேன். அது பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் குடும்பத்தைச் சுமந்தது. ஆட்டோக்கள் பெருகிய பின் வண்டி ஓட்டம் குறைந்தது. அத்தா அதனை எவர்க்கும் விற்கவில்லை. கொட்டிலிலேயே முதுமையடைந்து மறைந்தது. புளியமர நிழலைக் கடைசி வரை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் கடக்கும். தேநீர்க் கடைப் பழக்கமும் போகவே இல்லை. 'ஜட்காக்காரர் நம் களைப்பறிந்து நிறுத்துகிறார்' என்று பயணிகள் மகிழ்ந்தனர். கோணங்கித்தனம் முழுவதையும் துடைத்தெடுப்பதே பயிற்சி என்று அத்தா ஒருநாளும் எண்ணியதில்லை. ஆபத்தில்லாத விந்தைகளோடு வாழப் பழகுவதும் பழக்குபவரின் கடமையே.

அன்புச் சகோதர, சகோதரிகளே! உங்கள் வீட்டில் சொற்கேளாப் பிள்ளை ஒன்று இருக்கலாம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் முதியவர் ஒருவர் இருக்கலாம். வந்த இடத்தில் ஒட்டாமல் ஒதுங்கி நிற்கும் புது மருமகள் இருக்கலாம். அவரைப் பற்றி ஒரு சொல்லை உதிர்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இவருக்கு எங்கேனும் வலிக்கிறதா? எதையேனும் கண்டு அஞ்சுகிறாரா? நாம் சொல்வது இவருக்கு விளங்கவில்லையா? இம்மூன்றுக்கும் விடை தேடி முடித்த பின்னும் குற்றம் மிஞ்சினால், அப்போது சுழியைப் பழிக்கலாம். என் அனுபவத்தில், அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை பெரும்பாலும் நேர்வதில்லை.